கை காட்டினால் நிற்கிறார்கள்

ஆறு வருடத்துக்குப் பிறகு மஸ்கட்.
அதே அல் குவைர், அதே வெள்ளைக் கட்டடங்கள்.
அவற்றுக்குப் பின்னால் சவரம் செய்யாத மலை.

வந்த மறுநாள் பால் வாங்க நடந்துபோனேன்.
நடந்து என்பதைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை.
காவலாளி ரஃபீக்குல் கேட்டான்:
வண்டி ரிப்பேரா, மேடம்?

ஜகார்த்தாவில் சாலையைக் கடக்கக்
கற்றுக்கொண்டது இது:
கையை இடுப்புயரத்துக்குத் தாழ்த்தி
விரல்களை விரித்து,
பொங்குகிற பாலை அடங்கு என்பதுபோல,
ஓடாமல், நிற்காமல், எவர் கண்ணையும் பார்க்காமல்
ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.
மோட்டார் சைக்கிள்கள் நம்மைச் சுற்றிப் பிரிந்து
முதுகுக்குப் பின்னால் கூடிக்கொள்ளும்.
முதல் மாதம் அழுதேன்.
பிறகு ஒரு கையில் குடை, மறு கையில் பொரித்த டோஃபு,
முழங்கையால் காட்டியே கடந்திருக்கிறேன்.

இங்கே கையைத் தாழ்த்தினேன்.
ஒரு லேண்ட் குரூசர்
முழுசாக நின்றுவிட்டது.
அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால்
பள்ளிக்கூடப் பேருந்து, நிறையக் குழந்தைகளோடு.
பூ வேலை செய்த தொப்பிக்காரர்
கண்ணாடிக்குள்ளிருந்து போ, போ என்று விரலசைக்கிறார்.
நடுச்சாலையில் நான்,
யாரோ என் பெயரில் பந்தி போட்டுவிட்டதுபோல
விழித்துக்கொண்டு நிற்கிறேன்.

சேதம் மதிப்பிடுவது என் தொழில்.
சோகார் துறைமுகத்தில் நனைந்த கோதுமை,
துருவேறிய கம்பிச் சுருள், உப்பிப்போன அட்டைப்பெட்டிகள்.
எங்கே நனைந்தது என்று சொல்லத்தான் சம்பளம்.
ஈரத்தின் மேல் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு:
பாலாய் வெளுத்தால் கடல்.
தெளிவாய் இருந்தால் மழை.
நேற்று பெட்டியின் அடியிலிருந்து குடையை எடுத்து விரித்தேன்.
மடிப்பெல்லாம் கறுத்த பூஞ்சைப் புள்ளிகள்.
அதற்குச் சொட்டு தேவைப்படவில்லை.

ராத்திரி பதினொன்றுக்கு
டெக். டெக். டெக்.
வாணலியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு
நாசி கோரெங் வண்டி சந்துக்குள் வருகிற சத்தம்.
கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கிவிட்டேன்,
செருப்பில்லாமல்.
கீழே
ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.
அடியில் ரஃபீக்குலின் தகர வாளி.
அந்தத் தண்ணீரில்தான் பெயிண்ட் டப்பாவில்
கத்தரிச் செடி வளர்க்கிறானாம்.
மூன்று காய். ஒன்றை எனக்குத் தருவதாகச் சொன்னான்,
கிண்ணத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

வௌட்டர் கென்ட் நகரத்துக்குத் திரும்பிவிட்டான்.
நாலு வருடம் என் பக்கத்து மேசை.
குரல் செய்தி அனுப்பியிருந்தான்:
அமலி, இங்கே ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது,
மறந்தேபோயிருந்தேன், கடையே கிடையாது.
தக்காளிக்கு விலை பேசினேன்,
கல்லாவில் இருந்த பெண் மேலாளரைக் கூப்பிட்டுவிட்டாள்.
காலிச் சாலை. ஒரு வண்டி இல்லை.
பச்சை விளக்குக்காக ஆறு பேர் நிற்கிறார்கள்.
நான் கையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தேன்.
ஒரு சின்னப் பையன் அம்மாவிடம் என்னைக் காட்டினான்.
அத்தோடு அவன் சிரிப்பு, பிறகு
நுண்ணலை அடுப்பு மூன்று முறை கூவுவது.

என்ன பதில் சொல்வது?
பழகிவிடும் என்று தட்டினேன். அழித்தேன்.
கீழே போய்
வாளிக்குப் பக்கத்தில் போனை நீட்டி
இருபது நொடி பதிவு செய்து அனுப்பினேன்.

உடனே வந்தது:
கண்டுபிடித்துவிட்டாயா, பாவி!
எனக்கும் ஒரு பொட்டலம். காரம் கூட.
முட்டையை உடைக்காமல் மேலே வைக்கச் சொல்.

இன்னொரு முறை கேட்கட்டும் என்று திரும்பினால்
வாளி நிறைந்து
சத்தம் மாறியிருந்தது.
ரஃபீக்குல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்,
செடிக்குப் பாதி, தரைக்குப் பாதி ஊற்றினான்,
வெறும் வாளியைப் பழைய இடத்தில் வைத்து
காலால் கொஞ்சம் நகர்த்தினான்.

டெக்.